யாருக்குத் தோது

கட்டை விரலைத் தூக்கினால் போதும், அவ்வளவுதான் வேலை, மற்ற நாலு விரலையும் மடக்கிக் கட்டை விரலை மட்டும் தூக்கி எதிரே உட்கார்ந்திருக்கிற நாகஜோதியிடம் காட்டினால் எங்கள் சைகையில் அது நல்லது என்று ஆகிவிடும், அவள் தலையாட்டுவாள், கையெழுத்துப் போடுவாள், எல்லோரும் சாப்பிடப் போகலாம். ஆனால் தண்டபாணி சார் நல்லது என்றா சொன்னார், இல்லையே, என் காதில் நன்றாக விழுந்ததே, இரண்டு பக்கத்து வக்கீல்களையும் பார்த்து 'இட் இஸ் எக்ஸ்பீடியன்ட் ஃபார் ஹெர் டு செட்டில்' என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "கோகிலவாணி, அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லீருங்க" என்றார். எக்ஸ்பீடியன்ட். சொன்னவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷன். முப்பது வருஷம் வக்கீலாக இருந்து இப்போது இந்தச் சமரச மையத்தில் உட்கார்ந்து சண்டைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ராசியாக்குகிறவர். டீ என் முன்னாலும் இருக்கிறது, ஆடை படிந்துவிட்டது, குடிக்க வேண்டுமானால் கை வேண்டும், என் கை இப்போது என்னுடையது இல்லை, பேசுகிறவர்களுடையது, அதனால் ஆடை இன்னும் தடிக்கிறது. மின்விசிறி டக் டக்கென்று எதிலோ இடிக்கிறது. எனக்குத்தான் அது தொல்லை, நாகஜோதிக்கு இல்லை, அவள் பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாய் அசைந்தது, என் கை அசையவில்லை, இடையில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் துணியைச் சுருக்கமில்லாமல் அழுத்தி அனுப்புகிற உருளை மிஷின், அதன் முன்னால் கை போகாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும், ஆனால் அது இருந்தால் துணி சிக்கும்போதெல்லாம் நிறுத்தித் திறந்து எடுத்து மறுபடி மூட வேண்டும், லோடு ஏற்றுகிற வண்டி வாசலில் நிற்கிறது, அதனால் சூப்பர்வைசர் தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டான். அந்த மிஷினில் காது கேட்காத பெண்களாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள், ஊர்க்கதை பேச மாட்டார்கள், வேலை ஓடும் என்று. ஆபத்து என்றால் அடிக்கிற பஸ்ஸர் அடித்ததாம். கம்பெனி வக்கீல் நிர்மல்குமார் இதை இன்றைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டார், பஸ்ஸர் அடித்தது, தொழிலாளி கவனிக்கவில்லை. நானும் இரண்டு தடவை சைகையில் சொன்னேன், மணி அடித்தது, நீ கவனிக்கவில்லை. அவள் முதல் தடவை புரியாமல் பார்த்தாள். இரண்டாம் தடவை சிரித்தாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை மொழிபெயர்க்க எனக்கு வழி தெரியவில்லை, விட்டுவிட்டேன். போனது வலது கையில் மூன்று விரல், சுண்டு விரலும் மோதிர விரலும் நடு விரலும். அதற்கு எவ்வளவு என்று அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், தொகையில் யாருக்கும் தகராறு இல்லை, உட்கார்ந்து செய்கிற வேலைகூடத் தருகிறார்களாம். ஒரே ஒரு வரிதான் பாக்கி. என்னுடைய கவனக்குறைவினால் இவ்விபத்து நேர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்து வேண்டும். அது வந்துவிட்டால் கம்பெனிமேல் தப்பில்லை, சூப்பர்வைசர்மேல் தப்பில்லை, சுவரோரம் சாய்ந்திருக்கிற தடுப்பு அங்கேயே சாய்ந்திருக்கலாம். அந்த வரிக்குத்தான் இந்த வார்த்தை.

ஒரு வார்த்தைதானே, கோகிலா, சொல்லித் தொலை. எப்படிச் சொல்வது? தமிழிலாவது முதலில் சொல்லிப் பார்க்கிறேன். உசிதம், அது கோர்ட்டுக் காகிதத்தில் இருக்கிற வார்த்தை, வாயில் வைத்தால் கோந்து மாதிரி ஒட்டுகிறது. அனுகூலம், அது ஜாதகக்காரர் சொல்வது, இந்த வருஷம் அனுகூலமாக இருக்கும், வடக்கே வாசல் வையுங்கள். சௌகரியம், ரயிலில் ஜன்னலோரம் கிடைத்த மாதிரி. தோது. ஆமாம், தோது, பெரியப்பா அடிக்கடி சொல்வார், தோதுப்பட்டா செஞ்சுக்கலாம், தோதா ஒரு இடம் வந்துருக்குது. அதில்கூட ஒரு வெள்ளந்தித்தனம் இருக்கிறது, சட்டைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது என்று அர்த்தம். இந்த இங்கிலீஷ் வார்த்தையில் அது இல்லை. இதில் ஒரு கண்சிமிட்டல் இருக்கிறது. கல்லூரியில் பிரிசில்லா மேடம் இந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, "இப்போதைக்குக் காரியம் ஆகும், லாபமாயிருக்கும், ஆனா சரிதானான்னு மட்டும் கேக்கக் கூடாது, அதாம்மா இதுக்கு அர்த்தம்" என்றார். கடைசி பெஞ்சில் யாரோ, அப்ப எங்க மாமா கட்சி மாறினதா மேடம் என்று கேட்க, வகுப்பே சிரித்தது. இதன் வேர் லத்தீனில் கால் என்றும் சொன்னார், விலங்கில் மாட்டிய காலை விடுவித்துக்கொள்வது, அதிலிருந்து வந்ததாம். கால். யாருடைய கால்? இங்கே மாட்டியது கையல்லவா. கை மாட்டியது ஒருத்திக்கு, காலை உருவிக்கொள்வது இன்னொருத்தர். நான் எங்கெங்கோ போகிறேன். அடுப்பை அணைத்தேனா? அணைத்தேன், அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

அம்மா. அம்மாவுக்கும் கேட்காது, அப்பாவுக்கும் கேட்காது, அவர்கள் வீட்டில் காது கேட்கிறவளாகப் பிறந்தவள் நான், எனக்குப் போய்க் கோகிலவாணி என்று பெரியப்பா பேர் வைத்தார். தம்பி பிறந்தபோது பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா அவரிடம் இங்கிலீஷும் தமிழுமாக ஏதோ சொன்னார், இந்த மாதிரி கேஸுக்கு இதோட நிறுத்திக்கறதுதான் என்றார், அதன் பிறகு ஒரு வார்த்தை, அது என்ன வார்த்தையோ தெரியாது, எனக்குப் புரிகிற வயசில்லை, ஆனால் இந்த வார்த்தையின் அக்காவோ தங்கையோவாகத்தான் இருந்திருக்கும். பெரியப்பா உள்ளே போனார். அம்மா கட்டிலில் படுத்தபடி கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். அவர் கட்டை விரலைத் தூக்கினார். நல்லது. அம்மா சிரித்துக்கொண்டே காகிதத்தில் பேர் எழுதினாள். பிறகு எத்தனை வருஷம் இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்தாள், கோயில் கோயிலாகப் போனாள், அப்பாவைக் கோபித்துக்கொண்டாள், தன் உடம்பையே கோபித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு நர்ஸம்மா தழும்பைப் பார்த்துவிட்டு, உனக்குத்தான் ஆபரேசன் ஆயிருச்சே என்று கையால் கத்தரித்துக் காட்டினாள். அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா கரும்போடு வந்தார். வாசலிலேயே நின்று வழக்கம்போலக் கட்டை விரலைத் தூக்கி, நல்லா இருக்கியா என்று கேட்டார். அம்மா நடந்து போய் அந்த விரலைப் பிடித்தாள். எல்லோரும் பார்க்க, பெரியம்மா பார்க்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, அதை மெதுவாக மடக்கி அவர் கைக்குள்ளேயே வைத்து மூடினாள். பிறகு போய்க் காப்பி போட்டாள். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"கோகிலவாணி?" தண்டபாணி சார்தான். "என்னாச்சு? நேரம் ஆகுதுங்களே." நிர்மல்குமார் சிரிக்கிறார். "மேடம், அவ்வளவு யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நல்லதுன்னு ஒரு தம்ஸ் அப் காட்டினா முடிஞ்சுது." காட்டுகிறார், தன் கையாலேயே காட்டுகிறார், நாகஜோதி பார்த்துவிட்டாள். உலகத்தில் காது கேட்கிற அத்தனை பேருக்கும் இந்த ஒரு சைகை மட்டும் தெரிந்திருக்கிறது. நாகஜோதியின் வக்கீல் ரூபாவதி, சட்ட உதவி மையத்திலிருந்து வந்திருக்கிற சின்னப் பெண், குனிந்தபடியே, "சொல்லிருங்கக்கா, கேஸ் இழுத்தா வருஷக்கணக்காகும், பாவம் அவளுக்குத்தான் சிரமம்" என்கிறாள். அதுவும் உண்மைதான். அதுதான் இந்த வார்த்தையின் சாமர்த்தியம், பொய்யே இல்லாமல் வரும். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். இந்தக் கோர்ட்டுக்கு வருகிற சைகை வழக்குக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், தண்டபாணி சார் எழுதிக் கொடுத்துத்தான் என் பேர் அந்தப் பட்டியலில் ஏறியது, மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டுக்காரர் போன பிறகு வருமானம் இது ஒன்றுதான். இதே நிர்மல்குமாரின் கம்பெனிக்காரர்கள்தான் போன மாதம் கேட்காத பெண்களுக்குச் சைகை வகுப்பு எடுக்க வருகிறீர்களா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். இப்போது கட்டை விரலைத் தூக்கினால் அதெல்லாம் அப்படியே இருக்கும். எனக்கு எவ்வளவு எக்ஸ்பீடியன்ட்! பார், வார்த்தைக்கு அர்த்தம் தேடி எங்கேயும் போக வேண்டாம், என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, என் விரல் நுனி வரை வந்து நிற்கிறது, தூக்கு தூக்கு என்கிறது. தூக்க மாட்டேன். தூக்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கப் போவதில்லை, சண்டை போடப் போவதில்லை, அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே முழுசாகக் கொண்டுபோய் அவளிடம் சேர்க்கப் போகிறேன். அதுதானே என் வேலை. அதைச் செய்யத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்.

கையைத் தூக்குகிறேன். பெரியவர் சொல்கிறார், நீ ஒத்துக்கொண்டால் காரியம் சீக்கிரம் முடியும். லாபம் உண்டு. சிரமம் குறையும். அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு, அந்தப் பேச்சு இதில் இல்லை, ஓரமாக எடுத்து வைத்தாயிற்று. கடைசிச் சைகையில் சரி தப்பு இரண்டையும் மேஜைமேல் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன், மெதுவாக, ஒன்றும் சிந்தாமல். அதற்குமேல் ஒரு அசைவும் இல்லை. என் முகத்தைக்கூட என்னுடையதாக வைத்துக்கொள்ளவில்லை, தண்டபாணி சாரின் முகமாக, அந்த நல்ல மனுஷனின் முகமாக, கொஞ்சம் இரக்கத்தோடு வைத்துக்கொள்கிறேன். நாகஜோதி நான் ஓரமாக எடுத்து வைத்த இடத்தையே பார்க்கிறாள். வெறும் காற்றுதான் அங்கே. தலையைத் தூக்கி, இடது கையால், ஒரே வீச்சில் கேட்கிறாள். அவள் கை சொல்வதை அவளாகவே நின்று நான் சொல்ல வேண்டும், அவள் நான் என்றால் நானும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்கிறேன்: "யாருக்கு லாபம்?"

தண்டபாணி சார் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். "உனக்குத்தாம்மா." சைகையில் சொல்கிறேன். அவள் கை வருகிறது, என் வாய் போகிறது, "எனக்குன்னா கம்பெனி வக்கீல் ஏன் கெஞ்சறாரு? எனக்கு லாபமானதை எனக்கு விக்கறதுக்கு இத்தனை பேர் எதுக்கு?" நிர்மல்குமாரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. என் குரல் இவ்வளவு சத்தமாக எப்போது ஆனது, அவள் கை பெரிதாக வீசினால் என் குரலும் ஏற வேண்டும், அதுதான் விதி, ஏறட்டும். "தடுப்பைக் கழட்டினது நானில்லை. சூப்பர்வைசர் கழட்டும்போது பார்த்துட்டு நின்னேன். வேண்டாம்னு சொன்னேன். அவருக்குப் புரியலை. புரிஞ்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாரு." அவள் வலது கையைத் தூக்குகிறாள். கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, தோல் இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. எங்கள் சைகையில் நல்லது கட்டை விரல், கெட்டதும் தப்பும் சுண்டு விரல். அவள் வலது கையில் கட்டை விரல் இருக்கிறது. சுண்டு விரல் இல்லை. அந்தக் கையை எல்லோருக்கும் காட்டுகிறாள், நிர்மல்குமாருக்கு, ரூபாவதிக்கு, தண்டபாணி சாருக்கு. நான் சொல்கிறேன், வருகிற குரல் அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை: "இந்தக் கையால இனிமே நல்லதுன்னு மட்டுந்தான் சொல்ல முடியும். உங்களுக்கு வசதி. ஆனா எனக்கு இன்னொரு கை இருக்குது." இடது கை எழுகிறது, சுண்டு விரல் நேராக நிற்கிறது. "தப்பு. இந்த வரி தப்பு. பணம் என் விரலுக்கு, குடுங்க, வாங்கிக்கறேன். இந்த வரிக்கு விலை சொல்லாதீங்க. நாளைக்கு அந்த மிஷின்ல அமலா உக்காருவா. அவளுக்கும் கேக்காது. தப்பு என்னோடதுன்னு நான் எழுதிக் குடுத்துட்டா, அந்தத் தடுப்பை எதுக்கு மாட்டப் போறீங்க?"

நிர்மல்குமார் காகிதத்தை மடிக்கிறார், பிறகு தண்டபாணி சாரிடம் சொல்கிறார், என்னைப் பார்க்காமல், "சார், இவங்க மொழிபெயர்க்கலை. தூண்டி விடறாங்க. நீங்க சொன்னது ஒரே வரி, இவங்க கை அரை நிமிசம் ஆடுச்சு." அவர் பேசப் பேச என் கை தானாக அதையும் நாகஜோதிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, இவங்க மொழிபெயர்க்கவில்லை, தூண்டி விடுகிறார்கள். அவள் புருவம் உயர்கிறது. தண்டபாணி சார் என்னைப் பார்க்கிறார், கோபமாகக்கூட இல்லை, வருத்தமாக. "என்ன சொன்னீங்க அவகிட்ட?" இது என்னிடம் கேட்கிற கேள்வி, பதில் என் பதில், முதலில் நாகஜோதியிடம் திரும்பி இனி பேசுவது நான் என்று காட்டிவிட்டு, கையையும் விடாமல் வாயாலும் சொல்கிறேன், "நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன். எக்ஸ்பீடியன்ட். காரியம் ஆகும், லாபம், சரியா தப்பான்னு அதுல இல்லை. அதுதானுங்க அர்த்தம். நல்லதுன்னு நீங்க சொல்லியிருந்தா நல்லதுன்னு சொல்லியிருப்பேன்." ஏன் நல்லது என்று சொல்லவில்லை சார், தமிழில் இரண்டே நொடியில் சொல்லியிருக்கலாமே, உங்களுக்கே நாக்கு வரவில்லை அல்லவா, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள் அல்லவா, இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும். அவர் பேனாவை மூடுகிறார். "சரிங்க. அடுத்த வாய்தாவுக்கு வேற மொழிபெயர்ப்பாளர் வரட்டும். உங்களை இனிமே கூப்பிட வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க." அதையும் சைகையில் சொல்கிறேன். இவளை இனிக் கூப்பிட வேண்டாம் என்கிறேன், என்னை நானே கையால் காட்டி வாசலையும் காட்டுகிறேன், ஒரு எழுத்து விடவில்லை. பயம் எங்கே போயிற்று என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன், இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, வாடகை இருக்கிறது, எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆனால் அவற்றின் நடுவில் ஏதோ ஒன்று கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நாகஜோதி மேஜையைத் தட்டுகிறாள். அவள் கை பேசுகிறது. நான் சொல்ல வேண்டும், எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: "இவங்க இல்லாம நான் பேச மாட்டேன்." தண்டபாணி சார் குழம்பிப்போகிறார். "எவங்க இல்லாம? இப்பப் பேசறது யாரு?" "நாகஜோதிங்க." ரூபாவதி முதல் தடவையாகத் தலையைத் தூக்குகிறாள். அவள் குரல் சின்னதுதான், ஆனால் வருகிறது. "சார், என் கட்சிக்காரர் ஒத்துக்கலைன்னு எழுதிக்கங்க. மொழிபெயர்ப்பாளரை மாத்தறதுக்கும் ஆட்சேபம்னு எழுதிக்கங்க. கோர்ட்லயே பார்த்துக்கறோம்." தண்டபாணி சார் மூடிய பேனாவைத் திறந்து எழுதுகிறார், சமரசம் ஏற்படவில்லை. எழுதும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. ரூபாவதி அடுத்த கேஸுக்கு ஓடுகிறாள். பசிக்கிறது என்று நாகஜோதி வயிற்றைத் தட்டுகிறாள். எனக்கும்தான். கோர்ட் கேன்டீனில் ஆளுக்கொரு சாப்பாடு வாங்கி உட்காருகிறோம். வழக்கு வருஷக்கணக்காக ஓடும், என் பேரை நாளைக்கே அடித்துவிடுவார்கள், சைகை வகுப்பும் போயிற்று, மகளுக்கு இன்று சாயந்தரம் என்ன சொல்வது, உண்மையைத்தான் சொல்வேன், சிரிப்பாள், அப்புறம் அழுவாள், அப்புறம் பகுதி நேரமாக எங்கேயாவது வேலை பார்க்கிறேன் என்பாள், வேண்டாம் என்பேன். ரசத்தின் சூடு மூக்கில் ஏறுகிறது. நாகஜோதி இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறாள், நன்றாகப் பிசைந்து, வாய் நிறைய. எதிர் மேஜையில் வெள்ளை வேட்டி சட்டைக்காரர் ஒருவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவள் இடது கையையே பார்க்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ முணுமுணுக்கிறார். அவள் பார்த்துவிட்டாள். மென்றுகொண்டே என்னிடம் திரும்பிப் புறங்கையால் இரண்டு அசைவு அசைக்கிறாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி அவளுக்காகக் கேட்கிறேன், "ஏனுங்க, என்னத்தைப் பார்க்கறீங்க?" அவர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லீங்க, அது வந்துங்க, இடது கையில…" என்று இழுக்கிறார். "என்னைப் பார்த்துச் சொல்லாதீங்க," என்கிறேன். "கேக்கறது அவங்க. அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."